ஆவணமும் பழக்கமும்: பெரிய மென்பொருள் திட்டங்களின் செயல்முறையைக் கற்ற வரலாறு (1956–2001)

ஆய்வுச்சுருக்கம்

பெரிய மென்பொருள் திட்டங்களை ஒழுங்குபட நடத்துவதற்கான செயல்முறைகளின் வரலாறு பெரும்பாலும் மாதிரிகளின் வரிசையாகவே சொல்லப்படுகிறது: முதலில் அருவி, பின்னர் சுழல், அதன்பின் முதிர்ச்சி நிலைகள், இறுதியில் இலகு முறைகள். இக்கட்டுரை அதே காலப்பகுதியைக் கற்றலின் வரலாறாக அணுகுகிறது. செயல்முறையைக் கற்றவர் யார், கற்றதற்கான சான்று எவர் கையில் இருந்தது என்னும் இரு வினாக்களைக் கொண்டு, 1956 முதல் 2001 வரையிலான அமெரிக்க அனுபவத்தையும் அதனோடு தொடர்புற்ற இந்தியச் சூழலையும் ஆராய்கிறது. கற்பதற்காகத் திரட்டப்பட்ட சான்று, தீர்ப்பு வழங்குவதற்கான சான்றாக மாறிய இடங்களில் செயல்முறை ஆவணமாகச் சுருங்கும் நிலை தோன்றியது என்பதும், 1989க்குப் பின் வாட்ஸ் ஹம்ஃப்ரி மேற்கொண்ட முயற்சிகளை அச்சிக்கலுக்கான விடையாகக் கொள்ளலாம் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: மென்பொருள் பொறியியல், செயல்முறை, அருவி மாதிரி, திறன் முதிர்ச்சி மாதிரி, தனிநபர் மென்பொருள் செயல்முறை, வாட்ஸ் ஹம்ஃப்ரி

முன்னுரை

ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 என்னும் கணினி வரிசையை அறிவித்தது. அதற்கான இயக்க அமைப்பாகிய ஓ.எஸ்./360இன் உருவாக்கத்தை வழிநடத்திய ஃபிரெடெரிக் புரூக்ஸ், 1975இல் வெளியிட்ட 'தி மித்திக்கல் மேன்-மந்த்' என்னும் நூலில் அப்பணியின் அளவைப் பதிவுசெய்துள்ளார். உச்சநிலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஈடுபட்டிருந்தனர். 1963 முதல் 1966 வரை வடிவமைப்பு, உருவாக்கம், ஆவணமாக்கம் ஆகியவற்றிற்கு ஏறத்தாழ 5,000 மனித-ஆண்டு உழைப்பு செலவானது என்பது அவரது கணிப்பு. அவ்வமைப்பு காலம் தாழ்ந்து வெளிவந்தது. திட்டமிட்டதைவிட மிகுதியான நினைவகத்தை எடுத்துக்கொண்டது.

தாமதமான திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்ப்பது அதனை இன்னும் தாமதப்படுத்தும் என்ற புரூக்சின் கருத்து பரவலாக அறியப்பட்டது. அதே நூலில் அவர் கூறும் வேறொரு செய்தி அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. மேலாளர் ஒருவர் தம் கால மதிப்பீட்டைச் சரியானதென நம்பினாலும், வாடிக்கையாளர் விரைவுபடுத்தும்போது அதனைக் காத்து நிற்க இயலாதவராகிறார். அவர் கையில் எண்வழிச் சான்று ஏதுமில்லை என்பதே காரணம். ஒழுங்குபட்ட செயல்முறை எதற்காகத் தேவைப்பட்டது என்பதை இச்செய்தி தெளிவுபடுத்துகிறது. வேலையின் வரிசையை வகுப்பது அதன் ஒரு பயன். முன்பு செய்த வேலையிலிருந்து சான்று பெற்று, அடுத்த வேலைக்குரிய உறுதிமொழியை நேர்மையுடன் அளிக்கச் செய்வது மற்றொரு பயன். இவ்விரண்டாம் பயன் வரலாற்றில் எவ்வாறு மறைந்தது, எவ்வாறு மீட்கப்பட்டது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. படிநிலைகளின் படமும் விடுபட்ட பாடமும்

பெரிய நிரல்களைப் படிநிலைகளாகப் பிரித்து உருவாக்கும் முறையை விளக்கிய தொடக்கக்காலக் கட்டுரைகளுள் ஒன்று ஹெர்பர்ட் பெனிங்டன் 1956இல் அளித்ததாகும். அமெரிக்க வான்பாதுகாப்புக்கான சேஜ் அமைப்பின் நிரலாக்க அனுபவத்திலிருந்து அது பிறந்தது. செயற்பாட்டுத் திட்டம், விவரக்குறிப்பு, நிரல் எழுதுதல், பகுதிச் சோதனை, முழுமைச் சோதனை, மதிப்பாய்வு எனப் பணி நிலைகளாக ஓடும் வரிசை அதில் உண்டு. 1983இல் அக்கட்டுரை மறுபதிப்பானபோது பெனிங்டன் எழுதிய முன்னுரை ஆய்வாளர்க்கு முதன்மையானது. இவ்வரிசைப்படி பணியைத் தொடங்குவதற்கு முன்பே தம் குழுவினர் ஒரு சோதனை முன்மாதிரியைக் கட்டி முடித்திருந்தனர் என்று அதில் அவர் நினைவூட்டுகிறார். முதல் முயற்சியில் கற்றவர்கள் இரண்டாம் முயற்சியை வரிசையாக நடத்தினர். அச்சேறிய படத்தில் வரிசை மட்டும் எஞ்சியது.

1968 அக்டோபர் 7 முதல் 11 வரை ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோவின் அறிவியல் குழு ஆதரவில் நிகழ்ந்த கருத்தரங்கு, இச்சிக்கலுக்கு 'மென்பொருள் பொறியியல்' என்னும் பெயரைப் பொதுவழக்காக்கியது. 11 நாடுகளைச் சேர்ந்த ஐம்பதுக்கு மேற்பட்டோர் பங்கேற்ற அக்கூட்டத்தில், அமைப்புகளின் அளவு வளரும் வேகத்திற்கு அவற்றை உருவாக்குவோரின் அறிவு ஈடுகொடுக்கவில்லை என்ற கவலை வெளிப்பட்டது. மென்பொருள் பொறியியலைக் கற்பிப்பது பற்றியும் அங்கு விவாதிக்கப்பட்டது. ஆயினும் கற்பிப்பதற்குரிய செயல்முறை எதுவென்பதில் உடன்பாடு தோன்றவில்லை; அடுத்த ஆண்டு ரோம் நகரில் கூடிய இரண்டாம் கருத்தரங்கில் கோட்பாட்டாளருக்கும் நடைமுறையாளருக்கும் இடையிலான விலகல் கூடுதலாகவே புலப்பட்டது.

1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் வெளியிட்ட கட்டுரை இவ்வரலாற்றின் திருப்புமுனை. விண்கலப் பணிகளுக்கான மென்பொருள்களில் ஒன்பது ஆண்டுகள் பெற்ற அனுபவத்தை அவர் அதில் தொகுத்தார். அமைப்புத் தேவைகள், மென்பொருள் தேவைகள், பகுப்பாய்வு, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை, இயக்கம் என ஏழு கட்டங்கள் படிக்கட்டுப்போல் இறங்கும் படம் அக்கட்டுரையில் உள்ளது. அப்படத்தின் அடிப்படைக் கருத்தில் தமக்கு நம்பிக்கை உண்டெனினும், அதனை அவ்வாறே நடைமுறைப்படுத்துவது இடர் மிக்கது, தோல்வியை வரவழைப்பது என்று ராய்ஸ் உடனடியாக எச்சரிக்கிறார். கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதும் அவ்விடரைக் குறைப்பதற்கான ஐந்து திருத்தங்களைப் பற்றியதே.

அவற்றுள் இரண்டு இங்கு குறிப்பிடத்தக்கவை. முதலாவது, ஆவணம் பற்றியது. ஐம்பது இலட்சம் டாலர் மதிப்புள்ள வன்பொருளை வாங்க 30 பக்க விவரக்குறிப்பு போதுமெனில், அதே மதிப்புள்ள மென்பொருளுக்கு 1,500 பக்கம் வேண்டும் என்பது அவர் கணிப்பு. இரண்டாவது, வேலையை இருமுறை செய்தல். 30 மாதத் திட்டமாயின், ஏறத்தாழ 10 மாத அளவில் ஒரு முன்னோடி வடிவத்தைச் செய்து, அதில் கற்றதைக்கொண்டு இறுதி வடிவத்தைக் கட்டவேண்டும் என்றார். முன்னது மேற்பார்வையாளருக்குச் சான்று தருவது. பின்னது செய்பவருக்குப் பாடம் தருவது.

பின்வந்த கொள்முதல் நடைமுறைகளில் முன்னது நிலைத்தது, பின்னது மங்கியது. ராய்ஸ் 'அருவி' என்னும் சொல்லைக் கையாளவில்லை. 1976இல் பெல், தேயர் ஆகிய இருவரின் கட்டுரையில்தான் அச்சொல் இடம்பெற்றது. 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட 2167 எனும் எண் கொண்ட தரநிலை, கட்டந்தோறும் சமர்ப்பிக்கவேண்டிய ஆவணங்களையும் மறுஆய்வுகளையும் விரிவாக வகுத்தது. நடைமுறையில் அது ஒற்றைப்போக்கு வரிசையாகவே புரிந்துகொள்ளப்பட்டது. ஒப்பந்தத்தில் பணம் வழங்கும் தரப்புக்குக் கைக்கு எட்டுவது ஆவணமே. செய்து பார்த்துத் தூக்கியெறியப்படும் முதல் வடிவத்திற்கு விலைப்பட்டியலில் இடம் காண்பது கடினம். பெனிங்டன், ராய்ஸ் ஆகிய இருவரது எழுத்திலும் கற்றலுக்குரிய பகுதியே பின்னர் விடுபட்டதற்கு இக்கொள்முதல் உறவு ஒரு முதன்மைக் காரணம் எனலாம். பேரி போம் 1986இலும் 1988இலும் வெளியிட்ட சுழல் மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் இடர்களை ஆய்ந்து முன்மாதிரி செய்வதை முறையின் உறுப்பாக்கியது. விடுபட்ட பாடத்தைப் படத்திற்குள்ளேயே மீண்டும் வரையும் முயற்சியாக அதனைக் கருதலாம்.

2. நிறுவனம் கற்பவராதல்

1984இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தை ஏற்படுத்தியது. ஐ.பி.எம்.மில் 27 ஆண்டுகள் பணியாற்றிய வாட்ஸ் ஹம்ஃப்ரி (1927–2010) 1986இல் அங்குச் சேர்ந்தார். ஷூஹார்ட், டெமிங் ஆகியோரின் புள்ளியியல்வழித் தரக்கட்டுப்பாடும், ஃபிலிப் கிராஸ்பி 1979இல் முன்வைத்த ஐந்து நிலைத் தரமேலாண்மை அட்டவணையும் அவரது சிந்தனைக்கு அடித்தளமாயின. மென்பொருள் நிறுவனங்களின் முதிர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பகுக்கும் சட்டகம் 1987இல் வெளிவந்தது. 1989இல் அது நூலாக விரிந்தது. 1991இல் திறன் முதிர்ச்சி மாதிரியின் முதற்பதிப்பும், 1993இல் அதன் திருத்திய பதிப்பும் வெளியாயின. திருத்திய பதிப்பு 18 முதன்மைச் செயல்முறைப் பகுதிகளைக் கொண்டிருந்தது: இரண்டாம் நிலையில் 6, மூன்றாம் நிலையில் 7, நான்காம் நிலையில் 2, ஐந்தாம் நிலையில் 3. முதல் நிலைக்குப் பகுதிகள் இல்லை. ஒழுங்கின்மையே அதன் இலக்கணம்.

இம்மாதிரியின் கல்விசார் உள்ளடக்கம் ஆழமானது. தனித்திறமையாளரின் வீரச்செயலை நம்பியிருக்கும் நிறுவனம், அவர் விலகியதும் தான் கற்றதை இழக்கிறது. திட்டமிடலும் மாற்றக் கட்டுப்பாடும் நிலைபெற்றால் முன்செய்த வெற்றியை மீளச் செய்ய இயலும், அதன்பின் செயல்முறையை வரையறுக்கலாம், பிறகு அளக்கலாம், அளவுகளைக்கொண்டு குறைபாடுகளின் காரணத்தையே நீக்கலாம். 1989இல் ஐந்தாம் நிலை மதிப்பீடு பெற்ற ஐ.பி.எம்.மின் ஹூஸ்டன் பிரிவு இதற்குச் சான்று. விண்ணோடத்தின் பறப்பு மென்பொருளை எழுதிய அக்குழு, கண்டறியப்பட்ட பிழையைத் திருத்துவதோடு அமையாமல், அப்பிழையை நுழையவிட்ட செயல்முறையையும் தேடித் திருத்தியது.

எனினும் 1987இலேயே இம்முறைக்கு இரு பயன்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஒன்று, நிறுவனம் தன்னைத் தானே ஆய்ந்துகொள்ளும் தன்மதிப்பீடு. அதன் முடிவுகள் அந்நிறுவனத்திற்குள் கமுக்கமாகக் காக்கப்படும். மற்றொன்று, ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுக்க அரசு நடத்தும் திறனாய்வு. அதன் முடிவு ஒப்பந்தத்தைத் தரலாம், மறுக்கலாம். இரண்டும் ஒரே சட்டகத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஆனால் விடையளிப்பவரின் மனநிலை இரண்டிலும் ஒன்றாக இருக்க இயலாது. குறையைக் கண்டறிவதே முன்னதன் வெற்றி. பின்னதில் குறை வெளிப்படுவது தோல்வி. பொலிங்கர், மெக்கவன் ஆகியோர் 1991இல் எழுதிய விமர்சனம், இத்திறனாய்வின் மதிப்பெண் முறை அதிலிருந்து பெறப்படும் முடிவுகளைத் தாங்கும் வலிமையற்றது எனச் சுட்டியது. ஹம்ஃப்ரியும் பில் கர்ட்டிசும் அதற்கு மறுமொழி எழுதினர். ஜேம்ஸ் பாக் 1994இல் எழுதிய கட்டுரை, செயல்முறையை உயர்த்திப் பிடிக்கும் இம்மாதிரியில் மனிதர்க்கு உரிய இடம் இல்லை என வாதிட்டது.

3. தொலைவும் சான்றிதழும்: இந்தியச் சூழல்

முதிர்ச்சி நிலையின் இவ்விரட்டைப் பயன் இந்தியாவில் தனித்தன்மையுடன் வெளிப்பட்டது. 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களும், அதே ஆண்டில் அமைந்த இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்களும் மென்பொருள் ஏற்றுமதிக்கு வழிதிறந்தன. வாடிக்கையாளர் கடல் கடந்து இருந்தார். பணியிடத்தை அவர் நேரில் காண்பது அரிது. அறிமுகமற்ற நிறுவனத்தின் உறுதிமொழியை நம்புவதற்கு ஒரு பொது அளவுகோல் தேவைப்பட்டது. பெங்களூருவில் இயங்கிய மோட்டோரோலாவின் இந்தியப் பிரிவு 1990களின் முற்பாதியிலேயே ஐந்தாம் நிலையை எட்டியது. அப்பத்தாண்டின் இறுதியில் உலகில் ஐந்தாம் நிலை பெற்ற அமைப்புகளில் கணிசமானவை இந்தியாவில் இருந்தன.

இவ்வளர்ச்சியை வெறும் விளம்பர உத்தியாகக் கொள்வது பொருந்தாது. ஆண்டுதோறும் பெருந்தொகையான இளம் பட்டதாரிகளைச் சேர்த்த நிறுவனங்களுக்கு, எழுதிவைக்கப்பட்ட செயல்முறையே பயிற்சிப் பாடமாகவும் அமைந்தது. அதே வேளையில், தொலைவிலுள்ள வாங்குநரை நோக்கி அமைந்த சான்று, தணிக்கையில் காட்டுதற்குரிய பதிவேடுகளைப் பெருக்கும் போக்கிற்கும் இடமளித்தது. பதிவேட்டை நிரப்புபவர் அதிலிருந்து தாம் எதையேனும் கற்கிறாரா என்னும் வினா, தணிக்கைப் பட்டியலில் இடம்பெறக்கூடியது அன்று.

4. தனிநபர் கற்பவராதல்

முதிர்ச்சிச் சட்டகத்தை வகுத்த ஹம்ஃப்ரியே அதன் எல்லையையும் உணர்ந்தார். பெருநிறுவனத்திற்கென எழுதப்பட்ட அக்கோட்பாடுகள் ஒரே மனிதரின் நிரலாக்கத்திற்குப் பொருந்துமா என்பதை 1989 முதல் தம்மையே ஆய்வுப் பொருளாக்கிச் சோதித்தார். மூன்று ஆண்டுகளில் 62 நிரல்களை எழுதி, ஏறத்தாழ 25,000 நிரல் வரிகளின் வழியே தம் செயல்முறையைப் பலமுறை திருத்தினார். அதன் விளைவே 1995இல் நூலாக வெளிவந்த தனிநபர் மென்பொருள் செயல்முறை.

அதன் பாட அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. மாணவர் முதலில் தம் வழக்கப்படியே நிரல் எழுதுகிறார். கூடுதலாக இரு பதிவுகளை மட்டும் வைக்கிறார். நேரப் பதிவில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், இடையூறு, நிகர நிமிடங்கள், பணிக்கட்டம் ஆகியவை இடம்பெறும். குறைபாட்டுப் பதிவில் குறையின் வகை, அது நுழைந்த கட்டம், நீக்கப்பட்ட கட்டம், திருத்த ஆன நேரம் ஆகியவை இடம்பெறும். அடுத்த படியில் தம் பழைய பதிவுகளைக்கொண்டு புதிய நிரலின் அளவையும் நேரத்தையும் முன்கணிக்கிறார். அதற்கடுத்து, நிரலைத் தொகுப்பியிடம் தருமுன் தாமே வடிவமைப்பையும் நிரலையும் சரிபார்க்கும் பழக்கம் சேர்கிறது. சரிபார்க்கும் பட்டியல், அவரவர் செய்த குறைகளிலிருந்தே உருவாகிறது.

பயிற்சி நிரல்களும் இந்நோக்கத்திற்கேற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டன. பத்து நிரல்கள் கொண்ட வரிசையில் முதலாவது சராசரியையும் திட்ட விலக்கத்தையும் கணக்கிடுகிறது. இரண்டாவது நிரல் வரிகளை எண்ணுகிறது. நான்காவது நேர்கோட்டுத் தொடர்புப் போக்கின் கெழுக்களைக் காண்கிறது. மாணவர் எழுதும் நிரலே, பின்னர் அவர் தம் வேலையை அளக்கவும் முன்கணிக்கவும் பயன்படும் கருவியாகிறது.

ஹேஸ், ஓவர் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு 23 வகுப்புகளில் பயின்ற 298 பொறியாளரின் தரவுகளை ஆராய்ந்தது. அளவு, நேரம் ஆகியவற்றின் முன்கணிப்புத் துல்லியம் உயர்ந்தது. அலகுச் சோதனை வரை எஞ்சும் குறைகள் குறைந்தன. அதே வேளையில் உற்பத்தித்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. வேகம் கூடாமல் துல்லியம் கூடியது என்னும் இம்முடிவு, புரூக்ஸ் சுட்டிய குறைக்கு நேர் விடையாகும். தம் கால மதிப்பீட்டைக் காத்து நிற்கத் தேவையான சான்று, இப்போது செய்பவரின் கையிலேயே உண்டு.

5. குழுவும் தரவின் உரிமையும்

வகுப்பில் கற்றவர் பணியிடம் திரும்பியதும் பழைய வழக்கத்திற்கு மீள்வதைக் கண்ட ஹம்ஃப்ரி, 1996 முதல் குழு மென்பொருள் செயல்முறையை உருவாக்கினார். திட்டத் தொடக்கத்தில் சில நாட்கள் நடைபெறும் தொடர் கூட்டங்கள் அதன் மையம். மேலாண்மை முதலில் தன் தேவையையும் எதிர்பார்க்கும் நாளையும் கூறுகிறது. பின்னர் குழுவினர் தம் சொந்தத் தரவுகளைக்கொண்டு திட்டத்தை வகுக்கின்றனர். இறுதிக் கூட்டத்தில் அதனை மேலாண்மைக்கு எடுத்துரைக்கின்றனர். கேட்ட நாளில் முடிக்க இயலாதெனில், மாற்றுத் திட்டங்களைத் தரவுடன் முன்வைக்கின்றனர். உறுதிமொழி அளிப்பவரே அதனைக் கணித்தவராகவும் இருத்தல் இம்முறையின் உயிர்நிலை.

இது செயல்பட ஒரு நிபந்தனை உண்டு. ஒருவரது தனித்தரவு அவருக்கே உரியது. மேலாளர் அதனைக் கேட்டுப் பெறவோ, அதன்வழி அவரை மதிப்பிடவோ கூடாது. குழுவின் திரண்ட தரவு மட்டுமே வெளியே செல்லலாம். தம் குறைகளின் எண்ணிக்கை ஊதிய உயர்வைத் தீர்மானிக்கும் என அறிந்த ஒருவர், குறைகளைப் பதிவுசெய்யமாட்டார். அப்போது பதிவேடு நிரம்பியிருக்கும். அதிலிருந்து கற்பதற்கு ஒன்றும் இராது. தன்மதிப்பீட்டின் முடிவுகளைக் கமுக்கமாக வைத்த 1987ஆம் ஆண்டின் விதி, இங்குத் தனிமனித அளவில் மீண்டும் வகுக்கப்பட்டது எனக் கொள்ளலாம்.

இந்நிபந்தனை காக்கப்பட்டாலும் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் டிஸ்னி, ஜான்சன் ஆகியோர் நடத்தி 1998இல் வெளியிட்ட ஆய்வு, 10 மாணவர் செய்த 89 பணிகளின் பதிவுகளில் 1,539 தரவுப் பிழைகளைக் கண்டறிந்தது. தண்டிக்கும் மேலாளர் இல்லாத வகுப்பறையிலும் கையால் எழுதப்படும் பதிவு பிழைபடுகிறது. அப்பதிவின்மேல் எழுப்பப்படும் முடிவுகளும் ஐயத்திற்குரியனவாகின்றன. பதிவைத் தானியக்கமாக்கலாம் என்பது அவ்வாய்வாளர் கண்ட தீர்வுத்திசை. ஆனால் தானே திரளும் தரவை மேலாளரும் எளிதில் காண இயலும். துல்லியம் கூடும் இடத்தில் உரிமை பற்றிய வினா மீண்டும் எழுகிறது.

2000இல் சென்னையிலுள்ள ஒரு மென்பொருள் தர நிறுவனத்திற்கு வாட்ஸ் ஹம்ஃப்ரியின் பெயர் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய 17 பேர், இலகு மென்பொருள் உருவாக்கத்திற்கான அறிக்கையை வெளியிட்டனர். செயல்முறைகளைக் காட்டிலும் மனிதர்க்கு முதன்மை தந்த அவ்வறிக்கை, ஹம்ஃப்ரியின் மரபுக்கு எதிர்நிலையாகவே பொதுவாகப் படிக்கப்படுகிறது. அளவீட்டின் நுணுக்கத்தில் இரண்டும் வேறுபடுவது உண்மையே. திட்டத்தை வகுக்கும் உரிமையைச் செய்பவரிடமே ஒப்படைப்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

முடிவுரை

1956 முதல் 2001 வரையிலான காலத்தில் செயல்முறையைக் கற்கும் தளம் திட்டத்திலிருந்து நிறுவனத்திற்கும், நிறுவனத்திலிருந்து தனிநபருக்கும் குழுவுக்கும் நகர்ந்தது. முதல் இரு தளங்களிலும் கற்றலின் சான்றை வாங்குநரும் கோரினார்; அக்கோரிக்கை நியாயமற்றதன்று. பொதுப்பணத்தைச் செலவிடும் அரசுக்கும் கடல் கடந்த வாடிக்கையாளருக்கும் நம்பிக்கைக்கான அடிப்படை தேவை. ஆயினும் ஒரே சான்று கற்பதற்கும் தீர்ப்பளிப்பதற்கும் ஒருசேரப் பயன்பட்டபோது, தீர்ப்பின் தேவைக்கேற்பச் சான்று வளைந்தது. ராய்சின் இருமுறை செய்தல் விடுபட்டு ஆவணம் நின்றதும், முதிர்ச்சி நிலை சான்றிதழானதும் இதன் வெளிப்பாடுகள்.

எனவே, ஒழுங்குபட்ட செயல்முறை ஒன்றை மதிப்பிடும் ஆய்வு, அது எத்தனைக் கட்டங்களைக் கொண்டது, எந்த மாதிரியைச் சார்ந்தது என்பவற்றோடு, அதில் திரளும் தரவை யார் காண்கிறார், யார் அதனால் பாதிக்கப்படுகிறார் என்பதையும் வினவ வேண்டும். கல்லூரிகளில் மென்பொருள் பொறியியல் பாடம் பெரும்பாலும் மாதிரிகளின் படங்களைக் கொண்டு தொடங்குகிறது. மாணவர் தாம் எழுதும் நிரலுக்கு ஆன நேரத்தையும் அதில் தாம் செய்த குறைகளையும் மதிப்பெண் அச்சமின்றிப் பதிவுசெய்யும் பயிற்சி அதனுடன் சேருமாயின், படத்திலிருந்து விடுபட்ட பாடம் வகுப்பறைக்குள் வர வழி உண்டு. இந்திய நிறுவனங்களில் தனித்தரவின் உரிமை எவ்வாறு காக்கப்பட்டது என்பது தனி ஆய்வுக்குரிய பொருளாகும்.